வலது மூலையில் ஒரு கறை

உமாபதிக்கு மெடல் வந்த நாளிலிருந்து கமலவேணிக்குக் கடைக்குள் நுழையும்போதே எரிச்சல் வந்தது. மெடல் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. பதினெட்டு வருஷம் காதுகுத்து, கல்யாணம், கருமாதி என்று படம் பிடித்து ஓய்ந்த மனுஷன். பட்டணத்துப் போட்டியில் ஒரு மெடல் கிடைத்தால் வாங்கிக்கொள்ளட்டும், கழுத்தில் மாட்டிக்கொண்டு குளிக்கட்டும். ஆனால் அந்தப் படத்தைக் கதவு அகலத்துக்குப் பெரிசு பண்ணிக் கடை வாசலில் கண்ணாடிக்குள் மாட்டி, காமாட்சி கோயிலுக்குப் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "இதுல ஒரு பிசிறு காட்டு பார்க்கலாம்" என்று சவால் விடுகிறாரே, அதுதான் பொறுக்கவில்லை. பிசிறு இல்லாமல் போனதற்குக் காரணம் உள்ளறையில் கழுத்து வலியோடு குனிந்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு பேச்சுக்காவது சொல்ல வேண்டாமா?

கமலவேணி அந்த ஸ்டூடியோவில் பதினான்கு வருஷமாக டச்சிங் வேலை செய்தாள். ஜன்னலோரம் ஒரு சாய்வு மேஜை, அதன் நடுவில் பால் கண்ணாடி, அடியில் வெளிச்சத்தை மேலே அனுப்ப ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. கண்ணாடி நெகடிவை அதன்மேல் வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து முகத்தைத் திருத்த வேண்டும். பெரிய காஞ்சிபுரத்தில் அம்மைத் தழும்போடு பிறந்தகத்தில் வளர்ந்த பல பெண்கள் தழும்பே இல்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது இவள் மேஜை வழியாகத்தான். போன பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு அவள் பொறுப்பில்லை.

நெகடிவில் எல்லாம் தலைகீழ். படத்தில் வெளுப்பாக வரவேண்டியது அதில் கறுப்பாக இருக்கும். கறுப்பாக வரவேண்டியது வெறும் கண்ணாடியாகத் தெளிந்து நிற்கும். தெளிந்த இடத்தைப் பென்சிலால் நிரப்பலாம். பிடிக்கவில்லையா, டர்பன்டைன் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கலாம். கறுப்பான இடத்தை மட்டும் கத்தியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கத்தி வேலைக்கு மறுபடி என்பதே கிடையாது. அதனால் கத்தியை எடுக்கும்போது அவள் மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்வாள்.

இந்தக் கை அவளுக்குத் தறி வீட்டில் வந்தது. அப்பா தறியிலிருந்து சேலையை அறுத்து இறக்கியதும் அதை மடியில் போட்டு, வெளிச்சத்தில் விரல் விரலாக நகர்த்தி, கட்டியோ முடிச்சோ பிசிறோ தென்பட்டால் சாமணத்தால் பிடுங்கிப்போடுவது எட்டு வயதிலிருந்து அவள் வேலை. கண்ணில் ஒரு கட்டி பட்டால் விரல் தானாகப் போய்விடும். யாரையும் கேட்டுவிட்டு எடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. குறை என்றால் எடுக்க வேண்டியது, அவ்வளவுதான். நீ யார், எப்படி இங்கே வந்தாய் என்று குறையிடம் போய் எவரும் விசாரித்ததில்லை.

மெடல் வாங்கிய படம் ஊத்துக்குன்றின் படம். மாகறலுக்குத் தெற்கே புதரும் முள்ளுமாகக் கிடக்கிற குன்று அது. அந்த அறுபத்து நாலாம் வருஷம் பங்குனியில் மூன்று நாள் எரிந்தது. காற்று இங்கே திரும்பியபோது காஞ்சிபுரம் மொட்டை மாடிகளில் காயப்போட்டிருந்த பாவு நூலின் மேல்கூடச் சாம்பல் விழுந்தது. நாலாம் நாள் காலையில் உமாபதி தன் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் போனார். அடிவாரத்தில் ஆடு மேய்க்கிற தர்மன் என்பவன் கேமராவின் மூன்று கால் கட்டையைத் தோளில் சுமந்து வழி காட்டினான். ஒரே ஒரு கண்ணாடி பிளேட்டோடு திரும்பி வந்தார் உமாபதி. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவர் மகன் பிறந்தபோதுகூடக் கமலவேணி பார்க்கவில்லை.

அழகான படம்தான். அதையும் சொல்லாமல் விட்டால் பாவம். நரைத்துப்போன சரிவு, அதில் இலையில்லாமல் நிற்கிற கறுத்த மரங்கள், மேலே ஒரு கீற்று மேகம் இல்லாத வானம். வலது மூலையில் மட்டும் மூன்று தெளிந்த புள்ளிகளும் அவற்றின் மேல் ஒரு கறுத்த தீற்றலும் இருந்தன. பிளேட்டைக் கழுவும்போது மருந்து பட்டு வந்த கறை என்று நினைத்தாள் கமலவேணி. அவள் அந்தக் குன்றை ஒரு நாளும் கண்டதில்லை. யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அவளாகவே மூன்று புள்ளிகளையும் பென்சிலால் நிரப்பினாள். தீற்றலைக் கத்தியால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பகல் முழுக்கச் சுரண்டி எடுத்தாள். கறை இருந்த இடம் தெரியவில்லை. உமாபதி பிளேட்டை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "உன் கைக்கு ஒரு மெடல் தரணும்மா" என்றார். அந்த வார்த்தையைத்தான் பிறகு மறந்துவிட்டார். படத்துக்குச் 'சாந்தி' என்று பெயர் வைத்தார்.

ஐப்பசி மழையில் ரேணுகாம்பாள் வந்தாள். முட்டி வரைக்கும் சேறு, தலையில் கோணி. கடைப்படியில் நின்று கோணியை உதறினாள்.

"போட்டோக்காரர் இருக்காருங்களா? மாகறல் பக்கத்துலேர்ந்து வரேன். குன்று எரிஞ்சப்போ உங்க மூணு கால் கட்டையைத் தூக்கிக்கினு ஏறினாரே, எங்க வூட்டுக்காரரு."

"தர்மன் சம்சாரமா? வாம்மா, வா. பார்த்தியா, உங்க குன்று இப்ப பட்டணம் வரைக்கும் போயிட்டு வந்துட்டுது!" என்று வாசல் படத்தைக் காட்டினார் உமாபதி.

அவள் பட்டணத்தைப் பற்றிக் கேட்க வரவில்லை. நின்றபடியே சொன்னாள். குன்றின் அடிவாரத்தில் விறகை அடுக்கி மண்ணால் மூடி, உள்ளே கனலவிட்டுக் கரி எடுக்கிறவன் காண்டிராக்டர் பரசுராமன். அந்த மண்மேட்டுக்கு மூட்டம் என்று பெயர். பங்குனி பிறந்துவிட்டால் மூட்டத்தில் நெருப்பு இருக்கக் கூடாது என்பது உத்தரவு. அவன் வைத்திருந்தான். அதிலிருந்துதான் தீ ஏறியது. எரிந்து முடிந்த ஒரே வாரத்தில் மேட்டையெல்லாம் மண்ணோடு மண்ணாக நிரவிவிட்டு, புதுப் புல் முளைக்கட்டும் என்று தர்மன்தான் தீ வைத்தான் என்று புகார் எழுதிக்கொடுத்துவிட்டான். அவனுடைய காவலாள் சாட்சி. இந்த வருஷம் அந்தப் பக்கம் மூட்டமே போடவில்லை என்று இரண்டு பேரும் கோர்ட்டில் சத்தியம் செய்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம் ஜெயித்தால் தர்மனுக்கு ஜெயில்.

"வக்கீல் கேக்கறாரு, மூட்டம் இருந்ததுக்கு சாட்சி இருக்குதான்னு. எங்க வூட்டுக்காரரு சொன்னாரு, போட்டோ இருக்குது, போட்டோக்காரர் கிட்ட நானே கையைக் காட்டி சொன்னேன், பாருங்க சார், இன்னும் புகைஞ்சுக்கினு இருக்குதுன்னு. அதைக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

உள்ளறையில் கமலவேணியின் பென்சில் நின்றது.

உமாபதி எழுந்து வாசலுக்குப் போனார். "இதோ கண்ணெதிரே தொங்குது. நீயே பாரும்மா. மூட்டம் எங்க இருக்குது?"

ரேணுகாம்பாள் படத்தின் முன்னால் போய் நின்றாள். ஈர விரலைக் கண்ணாடியின் வலது மூலையில் வைத்தாள். அங்கே இங்கே என்று அந்த விரல் அலையவே இல்லை.

"இங்கதாங்க. மூணு மேடு. நான் கஞ்சி எடுத்துக்கினு மேல ஏறினேன், என் கண்ணால பார்த்தேன். எப்படிங்க இல்லாம போவும்?"

"கேமரா பொய் சொல்லாதும்மா," என்றார் உமாபதி. "நானும் ஒண்ணும் பார்க்கலை."

ரேணுகாம்பாள் அவர் வாயைப் பார்த்தாள். பிறகு கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, "அந்தக் கட்டையைச் சுமக்காம வுட்டிருக்கலாம் அந்த மனுஷன்" என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கமலவேணி பிளேட் அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரு காகித உறை. உறைமேல் தேதி, இடம், செய்த டச்சிங் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பது அவள் பழக்கம். ஊத்துக்குன்று உறையில் அவள் கையெழுத்தே அவளைப் பார்த்தது: 'பங்குனி 19, காலை. வலது மூலை. மூன்று புள்ளி, பென்சில். ஒரு கறை, கத்தி. க.வே.' அதை இரண்டு முறை வாசித்தாள். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

உறையோடு வெளியே வந்தாள். "அண்ணா, நான் சுரண்டின மூலையில இருந்தது இன்னா?"

உமாபதி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எந்த மூலை?"

"ஊர்ல இருக்கிற எல்லா மூலையுமா சுரண்டிக்கினு இருக்கேன்? இந்த மூலை."

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "புகைதான்" என்றார்.

"மூணு புள்ளி?"

"மூட்டம்தான். அதுக்கு இன்னா இப்போ? நான் எடுக்கச் சொன்னேனா? நீயா எடுத்தே."

"நான்தான் எடுத்தேன். தெரியாம எடுத்தேன். தெரிஞ்சவர் நீங்க. இது மருந்துக் கறை இல்லைம்மா, புகைம்மான்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்லை. உன் கைக்கு மெடல் தரணும்னு சொல்லத்தான் வாய் இருந்துது!"

"மெள்ள பேசு, கமலா."

"எதுக்கு மெள்ள? அந்தப் பொம்பளை கிட்ட பார்க்கலைன்னு சொன்னீங்களே, அது மெள்ளவா சொன்னீங்க?"

உமாபதி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பொல்லாத மனுஷர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. பொல்லாதவன் என்றால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விடலாம்.

"நீயே சொல்லு. அந்தப் புகையோட போயிருந்தா எவன் மெடல் தருவான்? தீ விபத்துன்னு பேப்பர்ல போடுற படமா போயிருக்கும். நான் பொணத்துக்குப் பக்கத்துல சொந்தக்காரங்களை நிக்கவச்சுப் படம் புடிச்சே நரைச்சவன். என்னையும் ஒருத்தன் கலைஞன்னு கூப்பிட்டான், வயசு அம்பதுல. பம்பாய்லேர்ந்து பன்னிரண்டு காப்பி கேக்கறாங்க. கலைன்னா வேண்டாததை விட்டுடறதும்மா."

"யாருக்கு வேண்டாதது?"

அவர் லென்ஸை மறுபடி எடுத்துத் துடைத்தார். மேஜைமேல் காயவைத்திருந்த இன்னொரு பிளேட்டை அவள் அப்போதுதான் கவனித்தாள். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு நிற்கிற பரசுராமனின் படம், நோட்டீசுக்கு. இரண்டு நாள் முன்னால்தான் வந்து, மீசையை நீவிக்கொண்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து எடுத்துக்கொண்டு போனான். அதன் டச்சிங்கும் அவளுக்காகத்தான் காத்திருந்தது.

"நான் இந்தப் பிளேட்டைக் கோர்ட்டுக்கு எடுத்துக்கினு போறேன்," என்றாள். "தடுக்கணும்னா இப்பவே தடுங்க. இல்லைன்னா கூட வாங்க. பார்த்தவர் நீங்க. உங்க வாயால சொன்னாத்தான் அது புகை."

"வரேன்" என்றும் அவர் சொல்லவில்லை, "வரமாட்டேன்" என்றும் சொல்லவில்லை. "பிளேட்டு பத்திரம்" என்றார்.

கேஸ் நாளன்று கமலவேணி பிளேட்டை இரண்டு தலையணை உறைக்குள் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பையில் டர்பன்டைன் சீசாவும் பஞ்சும். சேவகன் சீசாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாமா இது, யார் மேலயாவது ஊத்தறதுக்கா?" என்றான். "நேத்து கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன்" என்றாள். அவன் சிரித்துவிட்டு உள்ளே விட்டான்.

அவள் ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தாள். உமாபதி வரவில்லை. ஸ்டூடியோவிலிருந்து கோர்ட்டுக்குப் பத்து நிமிஷ நடை.

தர்மனின் வக்கீல் கலியாணசுந்தரம் அவளைக் கூண்டில் ஏற்றி, பிளேட்டை மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்தார். மாஜிஸ்திரேட் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். "மேடு ஒண்ணும் காணோமே?"

"இப்ப தெரியாதுங்க. மேல என் பென்சில் இருக்குது."

துடைத்துக் காட்ட அவரே அனுமதி கொடுத்தார். எல்லாரும் பார்க்க, கமலவேணி பஞ்சில் டர்பன்டைன் தொட்டு வலது மூலையில் வைத்தாள். வட்டமாக மெதுவாகத் துடைத்தாள். பஞ்சு சாம்பல் நிறமாயிற்று. பஞ்சை மாற்றி மறுபடி துடைத்தாள். பிளேட்டைத் திருப்பி நீட்டினாள். மாஜிஸ்திரேட் மறுபடி ஜன்னலுக்குத் தூக்கினார். மூன்று மேடுகளும் வரிசையாக, வட்ட வட்டமாக, குன்று எரிய ஆரம்பித்த இடத்துக்கு நேர் கீழே நின்றன. பின் பெஞ்சில் ரேணுகாம்பாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். "இல்லாததை இருக்கிற மாதிரி பண்றதுதானே அம்மா உங்க தொழில்? இந்த மேடும் நீங்க பண்ணதுதான்னு நான் சொல்றேன்."

"இல்லீங்க. இருக்கிறதை இல்லாம பண்றதுதான் என் தொழில். இல்லாததை உண்டாக்கத் தெரிஞ்சிருந்தா நான் ஏன் பதினாலு வருஷமா அந்த ஜன்னலோரம் குனிஞ்சுக்கினு இருக்கேன்?"

கோர்ட் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பஞ்சையும் சீசாவையும் அவர் பக்கம் நீட்டினாள். "இந்தாங்க, நீங்களே துடைங்க. சாயந்தரம் வரைக்கும் துடைங்க. நான் போட்டது போயிடும். வெளிச்சம் போட்டது போகாது."

அவர் துடைக்கவில்லை. மாஜிஸ்திரேட்டே பஞ்சை வாங்கித் துடைத்துப் பார்த்தார். மேடுகள் அப்படியே நின்றன.

பரசுராமனை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். வெள்ளைச் சட்டை, தோளில் கட்சித் துண்டு. பிளேட்டைப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "ஞாபகப் பிசகுங்க. மேடு இருந்துதுங்க. ஆனா மாசியிலேயே அணைச்ச பழைய மேடுங்க. பங்குனியில அதுல ஒரு பொறி கிடையாது."

கலியாணசுந்தரம் அவசரமாகக் கமலவேணி பக்கம் திரும்பினார். "மேட்டுக்கு மேல புகை இருந்துது இல்லையா? அதை நீங்க சுரண்டினீங்க இல்லையா?"

"ஆமாங்க. சுரண்டினேன்."

சர்க்கார் வக்கீல் பிளேட்டோடு வந்த காகித உறையைக் கையில் எடுத்தார். "இது உங்க கையெழுத்தா? இதுல 'கறை'ன்னு எழுதியிருக்கே. புகைன்னு இல்லையே?"

"அப்போ கறைன்னு நினைச்சேன்."

"இப்போ புகைன்னு எப்படித் தெரியும்? குன்றுக்குப் போயிருக்கீங்களா?"

"இல்லை."

"அப்போ?"

"படம் எடுத்தவர் சொன்னாரு."

"அவர் எங்கே?"

கமலவேணி வாசலைப் பார்த்தாள். கோர்ட்டே வாசலைப் பார்த்தது. ஒரு நாய் நனைந்துபோய் நின்றிருந்தது. 'ஆமாம், நானே குன்றுக்குப் போனேன், கண்ணால் பார்த்தேன்' என்று ஒரு பொய் சொல்லிவிட்டால்தான் என்ன என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இப்போது பொய் என்று பிடிபட்டால் அந்த மூன்று மேடுகளும் சேர்ந்து போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஒருத்தர் சொல்லிக் கேட்டதைச் சாட்சியமா எடுத்துக்க முடியாதும்மா" என்றார் மாஜிஸ்திரேட். கடுமையாகச் சொல்லவில்லை. பிளேட்டை இன்னொரு முறை தூக்கி, மேடுகளுக்கு மேலே அவள் இரண்டு பகல் உட்கார்ந்து சுரண்டிய இடத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

மத்தியானத்துக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. மூட்டமே இல்லை என்று சத்தியம் செய்தவர்கள் இருந்தது என்று ஒப்புக்கொண்டுவிட்டதால், தர்மன்தான் தீ வைத்தான் என்பது சந்தேகத்துக்கு இடமாகிறது. அவனை விடுதலை செய்தார்கள். மூட்டத்தில் நெருப்பு இருந்ததா என்பதற்கு ஆதாரம் இல்லை. பரசுராமன் மேல் ஒன்றும் இல்லை.

வராந்தாவில் தர்மன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். ஒல்லியான, அதிகம் பேசாத ஆள். கமலவேணியைப் பார்த்துக் கும்பிட்டான். "குன்றுப் பக்கம் ஆடு ஓட்டக்கூடாதுன்னு பங்குனியிலேயே சொல்லிட்டாங்கம்மா. அது மாறாது போலக்கீது," என்றான். "தை பொறந்தா அவன் மறுபடி மூட்டம் போடுவான்."

ரேணுகாம்பாள், கோர்ட் திருப்பிக் கொடுத்த பிளேட்டைச் சுற்றி வைத்திருந்த தலையணை உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷனும் பெண்சாதியும் பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

பரசுராமன் நாலு பேரோடு படியிறங்கி வந்தான். அவளைக் கண்டதும் நின்றான். இரண்டு கையையும் நன்றாகத் தூக்கிக் கும்பிட்டான்.

"ரொம்ப உபகாரம்மா. நல்ல கை உங்களுக்கு. அந்தக் கறையை எடுத்தீங்களே, என் குலதெய்வமே வந்து எடுத்த மாதிரி." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். "நம்ம நோட்டீசு படத்தையும் அதே கையால ஒரு பார்வை பார்த்துடுங்க. சாயந்தரம் ஆள் அனுப்பறேன்."

கமலவேணி செருப்பைக் கழற்றலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். கையில் பிளேட் இருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மழையில், பத்து நிமிஷ நடையை ஐந்து நிமிஷத்தில் நடந்தாள்.

உமாபதி கடையில்தான் இருந்தார். தலை வாரி, கோட்டு போட்டுக்கொண்டு, கிளம்பத் தயாரான மாதிரி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருந்தார் போலிருந்தது.

"தர்மனை விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

அவர் மூச்சு விட்டார். முகம் தெளிந்தது. "பார்த்தியா! நான் வராமலே நல்லபடியா முடிஞ்சுது."

கமலவேணி பிளேட்டை மேஜைமேல் வைத்தாள். உறையை எடுத்து, 'ஒரு கறை, கத்தி' என்று இருந்த வரியில் 'கறை' என்பதைப் பேனாவால் அடித்தாள். உறையையும் பேனாவையும் அவர் முன்னால் தள்ளினாள்.

"மேல புகைன்னு எழுதுங்க. கீழ உங்க கையெழுத்துப் போடுங்க. பார்த்தவர் நீங்க."

"கேஸ்தான் முடிஞ்சுடுச்சே. இனிமே அது எதுக்கு?"

"அவன் கோர்ட்டு வாசல்ல நின்னு என் கைக்குக் கும்பிடு போட்டான்ண்ணா. என் அப்பன் ஆத்தா போட்டுக் குடுத்த கை. அதுக்கு எழுதுங்க."

உமாபதி பேனாவைப் பார்த்தார். வாசலில் தொங்குகிற 'சாந்தி'யைப் பார்த்தார். எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைப் போட்டுவிட்டு வந்தார், மழை உள்ளே அடிப்பது போல. அடிக்கவில்லை. "நிதானமா பேசிக்கலாம்," என்றார். "இப்ப உன் மனசு சரியில்லை. சாயந்தரம் காண்டிராக்டர் ஆள் வருவான். அந்தப் பிளேட்டை மட்டும் முடிச்சுக் குடுத்துடு. கன்னத்துல கொஞ்சம் அம்மைத் தழும்பு. அவ்வளவுதான்."

கமலவேணி பரசுராமனின் பிளேட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். சாய்வு மேஜையில் வைத்துக் கீழ்க்கண்ணாடியைத் திருப்பினாள். முகத்தில் வெளிச்சம் ஏறியது. கன்னமெல்லாம் குழி. இடது புருவம் வெட்டுப்பட்டுப் பாதியில் நின்றது. கழுத்தில் ஒரு மரு. கண்ணுக்குக் கீழே இரண்டு பை. எல்லாம் எடுக்கக்கூடியவை. அரை நாள் வேலை. விரல் வழக்கம்போல் தானாகப் பென்சில் பக்கம் போயிற்று. அந்த விரலை மற்றக் கையால் பிடித்து மடக்கினாள்.

ஒரு புது உறையை எடுத்தாள். தேதி எழுதினாள். பெயர் எழுதினாள். அதற்குக் கீழே, எவன் வாசித்தாலும் புரியும்படி பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இந்த முகத்தில் ஒன்றும் எடுக்கவில்லை. உள்ளது உள்ளபடி. க.வே.'

பிளேட்டை அதில் போட்டு உமாபதியின் மடியில் வைத்தாள். பென்சில்களும் கத்தியும் அவள் சொந்தக் காசில் வாங்கியவை. அவற்றைத் துணியில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, படத்துக்கு முன்னால் நின்று வாயைப் பிளந்துகொண்டிருந்த இரண்டு வெளியூர்க்காரர்களை "நகருங்க" என்று விலக்கிவிட்டு, வீட்டுக்கு நடந்தாள்.